மூளைக்குத் துணை நிற்கும் சிறுநீரகம்

நுழையும் முன்

உடலின் உறுப்புகளைத் தனித்தனியே படிப்பது பாடத்தின் வசதிக்காகவே. நோய் வரும்போது அவை தனித்தனியே துன்புறுவதில்லை. ஒன்றன் தளர்ச்சி மற்றொன்றைத் தொடுகிறது. பக்கவாதத்தால் தாக்கப்பட்ட மூளை மீண்டு வருவதில் சிறுநீரகத்துக்கு உள்ள பங்கினை இப்பாடம் விளக்குகிறது.

இரண்டு உறுப்புகள், ஒரே தேவை

மூளையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே ஆகும். ஆயினும், ஓய்வாக இருக்கும்போது உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கினை அதுவே எடுத்துக்கொள்கிறது. சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ளவை. இதயம் நிமிடந்தோறும் வெளியேற்றும் 5 லிட்டர் இரத்தத்தில் 1 லிட்டருக்கும் மேல் அவற்றின் வழியே பாய்கிறது. சிறிய உறுப்புகளுக்குப் பெரிய ஓட்டம் தேவைப்படுகிறது என்பதே இவ்விரண்டுக்கும் உள்ள முதல் ஒற்றுமை.

கைகால் தசைகளுக்கு இரத்தம் தேவைக்கேற்பக் கூடியும் குறைந்தும் செல்லும். மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் அது இரவும் பகலும் இடையறாது பாய வேண்டும். அதற்கேற்ப இவ்வுறுப்புகளின் நுண்ணிய தமனிகள் பெரிய குழாய்களிலிருந்து நேரே கிளைத்து, தடை குறைந்தவையாக அமைந்துள்ளன. இவ்வமைப்பில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. இரத்தம் எளிதாகப் பாய்வது நன்மை. இரத்த அழுத்தம் உயரும்போது அதன் அலை தணியாமல் நுண்குழாய்களை மோதுவது தீமை. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் இவ்விரு உறுப்புகளின் நுண்குழாய்களையும் ஒருங்கே தடிக்கச் செய்கின்றன. எனவே, பக்கவாதத்தோடு மருத்துவமனைக்கு வரும் பலரிடம் சிறுநீரகத் தளர்ச்சியும் காணப்படுவது தற்செயலன்று. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை.

சிறுநீரகத்தின் பணி

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பகுதியிலும் குளோமருலஸ் எனப்படும் தந்துகி முடிச்சு ஒன்று உண்டு. அதனைச் சுற்றியுள்ள கிண்ணத்தை 1842ஆம் ஆண்டு வில்லியம் பௌமான் என்னும் ஆங்கிலேய மருத்துவர் விளக்கியமையால் அது பௌமானின் கிண்ணம் எனப்படுகிறது. இம்முடிச்சுகளின் வழியே ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மம் வடிகிறது. அதில் 178 லிட்டருக்கும் மேற்பட்டதை நுண்குழல்கள் மீண்டும் உறிஞ்சிக்கொள்கின்றன. எஞ்சிய ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது.

கழிவை நீக்குவது மட்டுமே சிறுநீரகத்தின் பணியன்று. உடலில் நீரும் உப்பும் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் ரெனினைச் சுரக்கிறது. சிவப்பணுக்கள் உருவாகத் தூண்டும் எரித்ரோபொயட்டினை உண்டாக்குகிறது. எலும்புக்குத் தேவையான வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவுக்கு மாற்றுகிறது. இவற்றோடு, மருத்துவர் தரும் மருந்துகள் பலவற்றை உடலிலிருந்து வெளியேற்றும் வாயிலாகவும் அதுவே விளங்குகிறது. இக்கடைசிப் பணியே பக்கவாத மருத்துவத்தில் மிகுதியும் கருதத்தக்கது.

பக்கவாதமும் கால எல்லையும்

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடித்துக் கசிவதாலோ பக்கவாதம் ஏற்படுகிறது. அடைப்பினால் வருவதே மிகுதி. பெரிய தமனி ஒன்று அடைபட்டால், மருத்துவம் பெறாத ஒவ்வொரு நிமிடத்திலும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று கணக்கிட்டுள்ளனர். முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் 108 அல்லது 112 என்னும் எண்ணை உடனே அழைத்தல் வேண்டும்.

அடைப்பைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் என்னும் மருந்தின் பயன் 1995ஆம் ஆண்டு வெளியான ஆய்வினால் உறுதியாயிற்று. அறிகுறி தோன்றிய 3 மணி நேரத்துக்குள் என்றிருந்த அதன் எல்லை, 2008ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வுக்குப் பின் நாலரை மணி நேரமாக நீண்டது. 2015ஆம் ஆண்டு முதல், பெரிய தமனியில் சிக்கிய உறைகட்டியைத் தொடைத் தமனி வழியே மெல்லிய குழாய் செலுத்தி வெளியே எடுக்கும் முறையும் உறுதிபெற்றது. தேர்ந்தெடுக்கப்பட்ட நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரையிலும் இம்முறை பயன்படுகிறது.

மருத்துவத்தின்போது சிறுநீரகம்

மருத்துவத்தின் ஒவ்வொரு படியிலும் சிறுநீரகம் குறித்த வினா ஒன்று எழுகிறது.

முதலாவது, படமெடுத்தல். எந்தத் தமனி அடைபட்டுள்ளது என்பதைச் சி.டி. ஸ்கேனில் காண அயோடின் கலந்த சாயமருந்தை நரம்பில் செலுத்துகின்றனர். இச்சாயம் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகிறது. அது சிறுநீரகத்துக்கு ஊறு செய்யும் என்னும் அச்சத்தால், கிரியேட்டினின் சோதனையின் முடிவு வரும்வரை காத்திருக்கும் வழக்கம் முன்பு இருந்தது. முன்பு எண்ணிய அளவுக்கு இடர் பெரிதன்று எனப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. முன்பே சிறுநீரக நோய் இருந்ததாக அறியப்படாதவர்க்கு அம்முடிவுக்காகக் காத்திராமல் படமெடுக்கலாம் என்பதே இன்றைய நெறி. காத்திருப்பதால் மூளை இழப்பது உறுதி; சாயத்தால் சிறுநீரகம் இழப்பது ஐயத்துக்குரியது. உறுதியான இழப்பைத் தடுப்பதே முறை.

இரண்டாவது, உறைகட்டியைக் கரைத்தல். ஆல்டிபிளேஸைப் பெரும்பாலும் கல்லீரலே சிதைக்கிறது. எனவே, சிறுநீரகத் தளர்ச்சி ஒன்றை மட்டுமே காரணமாகக் கொண்டு அம்மருந்தை மறுப்பதில்லை. ஆனால், சிறுநீரகம் தளர்ந்தவர்களின் இரத்தத்தில் தேங்கும் கழிவுகள் இரத்தத் தட்டணுக்களின் செயலைக் குன்றச் செய்கின்றன. ஆதலால் அவர்களுக்கு இரத்தக்கசிவு உண்டாகிறதா என்பதைக் கூர்ந்து கவனிக்கின்றனர். மருந்து செலுத்துமுன் இரத்த அழுத்தம் 185/110க்குக் கீழ் இருத்தல் வேண்டும் என்பது பொதுநெறி. இரத்த அழுத்தத்தைத் தாறுமாறாக வீழ்த்தினால், பழைய உயர் அழுத்தத்துக்குப் பழகிய மூளையும் சிறுநீரகமும் ஒருசேர வாடும்.

மூன்றாவது, மூளை வீக்கத்தைத் தணித்தல். இதற்குத் தரப்படும் மேனிட்டால் வீங்கிய மூளையிலிருந்து நீரை இழுத்துச் சிறுநீராக வெளியேற்றுகிறது. மிகுந்த அளவில் தொடர்ந்து கொடுத்தால் அதுவே சிறுநீரகத்தை வருத்தும். ஆகவே, தரும் அளவையும் வெளியேறும் சிறுநீரையும் அளந்துகொண்டே இருக்கின்றனர்.

நான்காவது, நீர். பக்கவாதம் வந்தவர் பலருக்கு முதல் சில நாள்கள் விழுங்கும் ஆற்றல் குறைந்திருக்கும். அந்நிலையில் உறவினர் அன்போடு புகட்டும் ஒரு வாய்த் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரல் அழற்சியை உண்டாக்கலாம். தண்ணீரே கொடுக்காமல் விட்டால் உடல் வறண்டு சிறுநீரகம் தளரும். விழுங்கும் ஆற்றலைச் சோதித்து, இயலாதவர்க்கு மூக்குக்குழாய் வழியாகவோ நரம்பு வழியாகவோ நீர் தருவதே இவ்விரு இடர்களுக்கும் இடைப்பட்ட வழி.

பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும்போது, பக்கவாதத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்தோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு உண்டாவது தெரிகிறது. அவர்களிடையே உயிரிழப்பும் மிகுதி.

பேசா உறுப்பு

மூளை தன் இழப்பை உடனே உரைத்துவிடும். ஒரு விரல் மடங்காவிட்டாலும் ஒரு சொல் வராவிட்டாலும் வீட்டில் உள்ளோர் அனைவரும் அறிவர். சிறுநீரகமோ பேசா உறுப்பு. இருக்கும் நெஃப்ரான்களில் ஒரு பகுதி அழிந்தால் எஞ்சியவை அவற்றின் சுமையையும் ஏற்று உழைக்கும். வலி தோன்றாது, சிறுநீரும் வழக்கம்போல் வெளியேறலாம். அதனால் கண்ணுக்குத் தெரியும் குறையைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதே தெரியாத குறை வளர்ந்துவிடக்கூடும்.

சிறுநீரகத்தின் நிலையை அறிய உதவுவது கிரியேட்டினின். தசைகளிலிருந்து நாள்தோறும் உண்டாகும் இக்கழிவைச் சிறுநீரகம் வடித்து வெளியேற்றுகிறது. வடிகட்டும் திறன் குறைந்தால் இரத்தத்தில் இதன் அளவு உயரும். 48 மணி நேரத்துக்குள் ஒரு டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் உயர்ந்தாலே அது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு எனக் கொள்ளப்படும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குத் தொடர்ந்து 6 மணி நேரம், மணிக்கு 30 மில்லிலிட்டருக்கும் குறைவாகச் சிறுநீர் வெளியேறுவதும் அதே எச்சரிக்கையைத் தருகிறது.

ஆனால், கிரியேட்டினின் அளவை மட்டும் நம்புதல் தகாது. ஒரே எண் இருவருக்கு இரு பொருள் தரும். 25 அகவை இளைஞர் ஒருவருக்கும் 70 அகவை மூதாட்டி ஒருவருக்கும் கிரியேட்டினின் 1.0 என இருப்பதாகக் கொள்வோம். அகவையையும் பாலையும் சேர்த்துக் கணக்கிட்டால், இளைஞரின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் இருக்கும். மூதாட்டியின் திறன் ஏறத்தாழ 60 ஆகும். அத்திறன் மூன்று மாதங்களுக்கு மேல் 60க்குக் கீழ் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய் எனப்படும்.

பக்கவாதம் இதில் மேலும் ஒரு சிக்கலைச் சேர்க்கிறது. செயலிழந்த கைகால்களின் தசை சில வாரங்களில் மெலிகிறது. தசை குறைந்தால் கிரியேட்டினின் உற்பத்தியும் குறையும். எனவே, சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் சோதனைத்தாளில் எண் நன்றாகவே தோன்றும். ஐயம் எழும்போது, தசையை அவ்வளவாகச் சார்ந்திராத சிஸ்டாட்டின் சி என்னும் புரதத்தை அளந்து மருத்துவர் உண்மை நிலையை அறிகின்றனர். சிறுநீரில் ஆல்புமின் கசிகிறதா என்னும் எளிய சோதனையும் பெரிதும் பயன்படுகிறது.

மீட்சியின் இரு வழிகள்

அழிந்த நரம்பணுக்களுக்கு ஈடாகப் புதியவை பெருமளவில் தோன்றுவதில்லை. மூளை வேறு வழியில் மீள்கிறது. பிழைத்த பகுதிகள் புதிய இணைப்புகளை உண்டாக்கி, இழந்த பகுதியின் வேலையைக் கற்றுக்கொள்கின்றன. முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழும். சிறுநீரகத்திலும் அழிந்த நெஃப்ரானுக்கு மாற்றாகப் புதிய நெஃப்ரான் பிறப்பதில்லை. எனினும், நுண்குழல் அணுக்கள் சிதைந்து நெஃப்ரானின் கட்டமைப்பு சிதையாதிருந்தால், எஞ்சிய அணுக்கள் பெருகிச் சில வாரங்களில் குழலைச் சீர்செய்துவிடும். ஆகவே, திடீர்ப் பாதிப்பு ஏற்பட்ட எல்லோருக்கும் அது நிலைத்துவிடும் என்று அஞ்சவேண்டுவதில்லை. காரணத்தை விரைவில் கண்டு நீக்குவதே முதன்மையானது.

இவ்விரு மீட்சிகளும் ஒன்றையொன்று சார்ந்தவை. சிறுநீரகம் தளர்ந்தால் எரித்ரோபொயட்டின் குறைந்து இரத்தசோகை உண்டாகும். இரத்தசோகை உள்ளவர் பத்தடி நடப்பதற்குள் களைத்துவிடுவார். நடைப்பயிற்சி தடைப்பட்டால் மூளையின் புதிய கல்வியும் தடைப்படும். கழிவு தேங்கினால் பசியின்மையும் மந்தமும் தோன்றும். அவற்றைப் பக்கவாதத்தின் சோர்வு என்றே பிறர் எண்ணிவிடக்கூடும்.

இயன்முறைப் பயிற்சியைத் திறம்பெற்றோர் வழிநடத்துதல் நன்று. இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு நடைபெற்று 2017ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில், குடும்பத்தினருக்குச் சிறிது பயிற்சி தந்து வீட்டிலேயே மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கச் செய்தனர். ஆறு மாதங்களுக்குப் பின் வழக்கமான கவனிப்பைவிட மேலான பயன் காணப்படவில்லை. குடும்பத்தின் பரிவு இன்றியமையாதது. ஆயினும், அது பயின்றோரின் பணிக்கு மாற்றாகாது.

வீடு திரும்பிய பின்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவோர் கையில் ஒரு மருந்துச்சீட்டு இருக்கும். அதிலுள்ள பல மருந்துகளின் அளவைச் சிறுநீரகமே முடிவு செய்கிறது. இதயத்தின் மேலறை சீரற்றுத் துடிப்பதால் பக்கவாதம் வந்தவர்களுக்கு இரத்தம் உறையாதிருக்க மருந்து தரப்படும். அவற்றுள் டாபிகட்ரான் என்பது ஏறத்தாழ 80 விழுக்காடு சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவது. அபிக்சபான் நான்கில் ஒரு பங்கு அளவே அவ்வழியே வெளியேறுவது. சிறுநீரகம் தளர்ந்திருப்பதை அறியாமல் முதல்வகை மருந்தை முழு அளவில் தந்தால், அது உடலில் தேங்கி இரத்தக்கசிவை உண்டாக்கும். அடைப்பைத் தடுக்க வந்த மருந்தே கசிவுக்குக் காரணமாகிவிடும்.

செயலிழந்த பக்கத்தின் தோள்பட்டை வலிப்பது பலருக்கு உண்டு. அவ்வலிக்கு மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. இரத்த அழுத்த மருந்துகளும் நீர்ப்போக்கு மருந்துகளும் உட்கொள்வோருக்கு இடர் இன்னும் மிகுதி. வலி இருப்பின் மருத்துவரிடமே கூறுதல் வேண்டும்.

உணவிலும் இதே கவனம் தேவை. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் அவ்வளவை எளிதில் தாண்டிவிடலாம். சீனாவின் 600 சிற்றூர்களில் 20,000க்கும் மேற்பட்டோரிடம் நடைபெற்று 2021ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், சமையல் உப்பின் நான்கில் ஒரு பங்குக்குப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்தபோது பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. ஆனால், கடும் சிறுநீரக நோய் உள்ளோரை அவ்வாய்வில் சேர்க்கவில்லை. தளர்ந்த சிறுநீரகத்தால் பொட்டாசியத்தை வெளியேற்ற இயலாது. அது தேங்கினால் இதயத்துடிப்பே நிலைகுலையும். இளநீரும் பழச்சாறும் பலருக்கு நன்மை தருபவை. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அவற்றையும் அளந்தே தருதல் வேண்டும். மூளைக்கு நல்லது எனக் கேட்டறிந்த ஒன்று, சிறுநீரகத்தின் நிலையை அறியாதவரை நல்லதெனக் கொள்ளத்தக்கதன்று.

நால்வர் சேர்ந்த மருத்துவம்

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைக் கூறுகிறது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு உடனிருந்து மருந்தளிப்பவரையும் அது சேர்த்தே எண்ணுகிறது. பக்கவாதத்தில் இந்நான்காம் உறுப்பின் பொறுப்பு பெரிது. நோயாளி பேச இயலாதவராக இருக்கலாம். சிறுநீரகம் எப்போதுமே பேசாது. எனவே இரண்டுக்குமாக மற்றொருவர் பேச வேண்டியுள்ளது. கால் வீங்குவது, சிறுநீர் குறைவது, வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து நாவறள்வது ஆகியவற்றைக் கண்டு உடனே மருத்துவரிடம் சொல்வதும், ஒவ்வொரு முறை செல்லும்போதும் பழைய கிரியேட்டினின் சோதனைத்தாள்களை உடன் கொண்டுசெல்வதும், புதிய மருந்து எழுதப்படும்போது சிறுநீரகத்தின் நிலையை நினைவூட்டுவதும் வீட்டிலுள்ள ஒரு மாணவராலும் செய்யக்கூடியவையே. மீண்டெழும் மூளைக்கு அவை நல்கும் துணை சிறிதன்று.

அருஞ்சொற்பொருள்

அகவை – வயது
ஊறு – தீங்கு
ஒருங்கே – ஒருசேர
தந்துகி – மிக நுண்ணிய இரத்தக்குழாய்
குன்றுதல் – குறைதல்
மீட்சி – மீண்டு வருதல்
நல்கும் – அளிக்கும்

இலக்கணக் குறிப்பு

பேசா உறுப்பு – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
மூளையும் சிறுநீரகமும் – எண்ணும்மை
தளர்ந்த சிறுநீரகம் – பெயரெச்சம்

மதிப்பீடு

குறுவினா
1. பக்கவாதத்தின் மூன்று அறிகுறிகள் யாவை?
2. ஒரு நாளில் வடியும் நீர்மத்தின் அளவையும் சிறுநீரின் அளவையும் எழுதுக.
3. சிறுநீரகம் ‘பேசா உறுப்பு’ எனப்படுவது ஏன்?

சிறுவினா
1. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள ஒற்றுமைகளை எழுதுக.
2. கிரியேட்டினின் அளவு ஒன்றாக இருந்தும் இளைஞரின் நிலையும் மூதாட்டியின் நிலையும் வேறுபடுவதை விளக்குக.

நெடுவினா
பக்கவாதத்திலிருந்து மீள்பவரின் சிறுநீரகத்தைக் காக்க மருத்துவமனையிலும் வீட்டிலும் மேற்கொள்ளத்தக்கவற்றைத் தொகுத்து எழுதுக.

செயல்பாடு
வீட்டிலுள்ள முதியோர் ஒருவர் உட்கொள்ளும் மருந்துகளின் பெயர், அளவு, வேளை ஆகியவற்றையும், அவருக்கு இறுதியாக எடுத்த கிரியேட்டினின் சோதனையின் நாளையும் முடிவையும் ஓர் அட்டவணையாக எழுதி, அவர் மருத்துவரிடம் எடுத்துச்செல்லுமாறு கொடுக்க.